பந்தயக் காரின் எடையைக் குறைக்குமுன் தராசைத் தேடுங்கள்

பழைய டொயோட்டா ஸ்டார்லெட், நிசான் மார்ச், ஹொண்டா சிவிக் எதுவாக இருந்தாலும் பாகங்களைக் கழற்றத் தொடங்குமுன் காரை ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். லொறியோடு நிறுக்கும் பெரிய தராசு பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோப் படியாகத்தான் காட்டும். மொத்த எடை அறிய அது போதும், ஆனால் ஒவ்வொரு சில்லிலும் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது சொல்லாது. கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்க நெல் ஆலைகளில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு 300 கிலோ தாங்குமானால், சில்லுச் சில்லாக நிறுக்க ஸ்டார்லெட், மார்ச் போன்ற சிறிய காருக்கு அதுவே போதும்.

சமமான சீமெந்துத் தரையில் ஒரு சில்லைத் தராசில் ஏற்றி, மற்ற மூன்று சில்லுக்கும் தராசின் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். உயரம் 5 மில்லிமீற்றர் பிசகினாலும் கணக்குப் பிசகும். ரயர் காற்று பந்தய அளவில் இருக்கட்டும். ஓட்டுநரின் எடைக்கு நெல் மூட்டையை ஆசனத்தில் வைத்து, காரை நாலு பக்கமும் அமுக்கி விட்டுப் பிறகு வாசியுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று கொப்பியில் எழுதுங்கள். உங்கள் பிரிவுக்குக் குறைந்தபட்ச எடை இருக்கிறதா என்பதையும் முதலே விதிப்புத்தகத்தில் பார்த்துவிடுங்கள்.

பின் ஆசனம், கார்ப்பெட், ஏசி, மாற்றுச் சில்லு எல்லாம் இலகுவாகக் கழரும். சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருக்கும் தார் அட்டைதான் பொறுமையைச் சோதிக்கும். ஹீட் கன்னால் இளக்கி, அகலமான உளியால் சுரண்டி, மிச்சத்தை மண்ணெண்ணெயால் துடையுங்கள். தரைக்குக் கீழே பெற்றோல் குழாய் போகும் இடத்தில் சூடு காட்டவே கூடாது. மண்ணெண்ணெயை எடுக்குமுன் ஹீட் கன்னின் வயரைக் கழற்றிவிடுங்கள்.

அட்டை போனபின் வெறும் தகடு தெரியும். கல்லடி, காத்தான்குடிக் கடற்காற்றுக்கு அது சில நாளிலேயே துருப் பிடித்துவிடும். ஆகவே அன்றன்றைக்குச் சுரண்டிய அளவுக்கு அன்றன்றைக்கே எபொக்சி பிரைமர் இரண்டு பூச்சு அடியுங்கள். அலுமினியத் தகட்டை இரும்பில் ரிவெற் அடிப்பதானால் இரண்டுக்கும் நடுவே சீலன்ட் தடவுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையத் தொடங்கும்.

பைபர் பொனட்டுக்கு இங்கே படகு செய்பவர்களின் கை கிடைப்பது பெரிய வாய்ப்பு. ஆனால் படகுக் கணக்கில் செய்தால் எடை குறையாது. 0.8 மில்லிமீற்றர் இரும்புத் தகடு சதுர மீற்றருக்கு 6.3 கிலோ வரும். சதுர மீற்றருக்கு 450 கிராம் மட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒரு படை ரெசினோடு சேர்ந்து ஏறத்தாழ 1.4 கிலோ. இரண்டு படையும் வெளிப்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்தால் மூன்றேகால் கிலோவில் நிற்கும். நாலைந்து படை போட்டால் இரும்பையே மீண்டும் செய்ததாகிவிடும். இரண்டு படை மட்டும் போட்டு, அடியில் நுரைப் பட்டி வைத்து விலா எலும்பு மாதிரி வலுவூட்டுங்கள். மட்டின் வெள்ளை நிறம் மறைந்து இழை கண்ணாடி போலத் தெரியும்வரை ரோலர் ஓட்டி, தேங்கும் ரெசினை ஒதுக்கி எடுங்கள். மத்தியான வெயிலில் ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் 1 வீதத்துக்கு மேல் போனால் கோப்பையிலேயே இறுகிவிடும். அரைக் கிலோவாகக் கலந்து, காலையிலேயே வேலையை முடியுங்கள். பழைய பூட்டை நம்பாமல் நாலு மூலையிலும் பொனட்டைப் பிடிக்கும் ‘பின்’ (pin) போடுங்கள். மெல்லிய பைபர் பூட்டிலிருந்து கிழிந்தால் ஓடும்போது முன் கண்ணாடியில்தான் வந்து அடிக்கும்.

பக்கக் கண்ணாடிக்கு 3 அல்லது 4 மில்லிமீற்றர் பொலிகார்பனேற் நல்லது. அக்ரிலிக் கூர்த்துண்டுகளாக உடையும், வேண்டாம். வெயிலில் தகடு விரியும் என்பதால் துளையை போல்ட்டைவிடப் பெரிதாக வையுங்கள். தின்னரால் துடைத்தால் வெடிப்பு விழும். முன் கண்ணாடியைக் கம்பனி கண்ணாடியாகவே விட்டுவிடுங்கள்.

இனி, கை வைக்கக்கூடாதவை. சஸ்பென்ஷன் கை, ஸ்டியரிங் தண்டு, பிரேக் பாகங்கள், ஆசனமும் பெல்ற்றும் பிடிக்கும் இடங்கள் எதிலும் எடைக்காக ஓட்டை போடாதீர்கள். வெடிப்பு அந்த ஓட்டையின் விளிம்பிலிருந்தே கிளம்பும். ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டில் (ரோல் கேஜ்) கதவுக் குறுக்குக் கம்பி இல்லையென்றால் கதவுக்குள் இருக்கும் காப்புச் சட்டத்தையும் வெட்டக்கூடாது. ஹாட்வெயாரில் கிடைக்கும் ஜீஐ தண்ணீர்க் குழாயில் கூண்டு செய்வது உயிராபத்து. அது மோதலைத் தாங்கும் கணக்கில் செய்த குழாயே அல்ல. அதன் நாகப் (சிங்க்) பூச்சு வெல்டிங் ஒட்டைக் கெடுக்கும், அந்தப் புகை ஒட்டுபவருக்குக் காய்ச்சலும் வரவைக்கும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எப்ஐஏயின் விதிப்படி, கூண்டில் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் வெளி விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, மூட்டில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் உருக்குக் குழாய் வேண்டும். அது மீற்றருக்கு 2.6 கிலோ. அந்த எடையைக் காரில் மனதார ஏற்றுங்கள்.

முன்சில்லு இழுக்கும் காரில் கழரும் பாரம் பெரும்பாலும் பின்பக்கத்தது. பின்பக்கம் இலகுவானதும் பிரேக் மிதிக்கும்போது பின்சில்லு முதலில் பூட்டிக்கொள்ளும், கார் சுழலும். பற்றரியைப் பின்னால் மாற்றினால் 12 கிலோவளவு அங்கே திரும்பும். அதை மூடிய பெட்டியில் இறுக்கி, வயர் தகட்டைக் கடக்கும் துளையில் இறப்பர் வளையமும் பற்றரிக்கு அருகிலேயே பியூசும் போடுங்கள். 20 லீற்றர் பெற்றோல் 15 கிலோ. ஓட்டத்துக்குத் தேவையான அளவே ஊற்றலாம், ஆனால் அடிமட்டமாக விட்டால் வளைவில் பெற்றோல் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்.

எல்லாம் பூட்டியபின், எடை குறைந்ததால் கார் உயர்ந்து நிற்கும். சில்லுக் கோணங்கள் மாறியிருக்கும் என்பதால் அலைன்மென்ற் புதிதாகச் செய்து, நாலு சில்லையும் மறுபடி நிறுங்கள். பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் பூட்டி, ஆள் நடமாட்டமில்லாத மூடிய மைதானத்தில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பிரேக்கைச் சோதியுங்கள். முன்சில்லு முதலில் பூட்டும்வரை வால்வைத் திருப்பி, அந்த இடத்தில் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.