ஹெட்போன் வாங்கும் முன் உங்கள் ரூமைக் கவனியுங்க

பின்பக்கம் திறந்த 'ஓபன் பேக்' ஹெட்போன் காதைக் கெடுக்காது என்று நம்பி, காதில் இரைச்சலோடு இந்த மாதத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். முதல் இருவருக்கும் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். மூன்றாவதாக வந்த தம்பி உட்காரும்போதே, "ஏனுங்க, நான் போடறது ஓபன் பேக் ஹெட்போனுங்க. எனக்கெப்படிங்க காதுல இரைச்சல் வரும்?" என்று கேட்டார். இதை எழுதியே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நான் ஆடியாலஜிஸ்ட். காது மூக்கு தொண்டை டாக்டர் பக்கத்து அறையில் இருக்கிறார். சத்தம் புகாத சின்ன அறையில் உங்களை உட்கார வைத்து, "பீப் கேட்டா பொத்தானை அழுத்துங்க" என்று சொல்கிற ஆள் நான். எங்கள் கோவை, திருப்பூர் பக்கத்தில் இந்த வேலைக்குப் பஞ்சமே வந்ததில்லை. சோமனூர், பல்லடம், கருமத்தம்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் தறி ஓட்டியவர்களும் மில்லில் ஷிப்ட் பார்த்தவர்களும் ஐம்பது வயதுக்கு மேல் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்களுடைய ஆடியோகிராமில், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் இறங்கி, 8000 பக்கம் கொஞ்சம் மேலே ஏறும். சத்தத்தால் வந்த சேதத்துக்கு அதுதான் அடையாளம். அதே பள்ளத்தை இப்போது தறிக் கொட்டகைக்குள் ஒரு நாள்கூட வேலை பார்க்காத இருபது வயதுப் பிள்ளைகளிடம் பார்க்கிறேன்.

அந்தத் தம்பிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வேலை முடிந்தால் பாட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தால் கேம். முன்பு தோல் பட்டை வைத்த ஒரு கேமிங் ஹெட்செட் போட்டுக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் அதற்குள் காது வெந்து, வியர்த்து, பூஞ்சை பிடித்து, அரிப்போடு வந்தார். டாக்டர் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, "காத்தோட்டமா இருக்கறதைப் போடுப்பா" என்று அனுப்பினார். நல்ல யோசனைதான். தம்பியும் ஒரு வாரம் தேடிப் படித்து, காசு சேர்த்து, நல்ல ஓபன் பேக் ஒன்றை வாங்கிவிட்டார். அதைப் பார்த்து அவருடைய அம்மா, "காசைக் கொட்டி ஓட்டை ஹெட்போனை வாங்கியிருக்கியே கண்ணு" என்றாராம்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. ஓபன் பேக் என்றால் கப்பின் பின்பக்கம் அடைப்பில்லாமல் கம்பி வலையாக இருக்கும். உள்ளே ஓடும் பாட்டு வெளியே கேட்கும். வெளியே இருக்கிற சத்தம் அப்படியே உள்ளே வரும். இந்த இரண்டாவது விஷயத்தை அவர் யோசிக்கவே இல்லை. அவருடைய ரூமுக்குச் சுவர் தாண்டினால் பெரியப்பா வீட்டுத் தறி. சத்தம் அளக்கும் என் மீட்டரையே கொடுத்தனுப்பி அளந்து வரச் சொன்னேன். ஜன்னலைச் சாத்திய பிறகும் 68 டெசிபல். அதற்கு மேல் கேமில் எதிராளியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்றால் என்ன செய்வார்? சத்தத்தைக் கூட்டுவார். கூட்டியிருக்கிறார்.

அடுத்த முறை லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்து வரச் சொன்னேன். காது மெஷின் பொருத்தும்போது செவிப்பறைக்குப் பக்கத்தில் சத்தத்தை அளக்க, நூல் மாதிரி மெல்லிய குழாய் வைத்த மைக் ஒன்று எங்களிடம் உண்டு. அதை வைத்து, அவர் வழக்கமாக வைக்கும் அளவிலேயே ஓட விட்டுப் பார்த்தோம். காதுக் குழாயே கூட்டிக் காட்டும் அளவைக் கழித்த பிறகு சராசரி 89 டெசிபல் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட அளவுகோல்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. தம்பி தினமும் ராத்திரி ஐந்து மணி நேரம் ஆடுகிறார். அதாவது ஒரு வாரத்துக்கான பங்கைத் திங்கட்கிழமை ராத்திரியே தீர்த்துவிட்டு, மீதி ஆறு நாளும் கடனில் ஓட்டியிருக்கிறார்.

இதைச் சொன்னதும் அவர் கேட்டதுதான் என்னை எரிச்சலாக்கியது. "காத்து வெளிய போயிடுதுங்களே, உள்ளே பிரஷர் சேராதுங்களே, அப்புறம் எப்படிங்க காது கெடும்?" முதல் இருவரும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் கேட்டார்கள். யாரோ எங்கோ சொல்லி, வாய் வழியாகப் பரவி, இப்போது இது வேதவாக்காகிவிட்டது.

ஐயா, காதைக் கெடுப்பது கப்புக்குள் அடைபட்ட காற்றல்ல. சத்தம். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் கணக்கு. ஊர் நோம்பிக்குக் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? திறந்த வெளியில், வேப்ப மரத்தில். அதைவிட 'ஓபன்' ஏதாவது உண்டா? அதற்கு நேர் கீழே நின்று பாட்டுக் கேட்டுவிட்டு வந்தால் காது அடைக்கிறதா இல்லையா? அங்கே எந்தக் காற்று எங்கே அடைபட்டது? ஓபன் பேக்கில் பின்பக்கம் போகிற சத்தம் வெளியே போகிறது, உண்மை. முன்பக்கம் வருகிற சத்தம் உங்கள் காதுக்கு ஒரு விரல் தூரத்தில் வருகிறது. அது 89 என்றால் 89 தான். மூடிய ஹெட்போனில் வரும் 89-க்கும் இதற்கும் உள்காதுக்கு வித்தியாசமே தெரியாது. போட்டால் இறுக்கமாக இல்லை, காது அடைத்த மாதிரி இல்லை, இயல்பாக இருக்கிறது என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன். செருப்பு மெத்தென்று இருந்தால் நடக்கிற தூரம் குறைந்துவிடுமா?

இடையில் ஒன்று. எங்கள் பரிசோதனை அறையில் உங்களுக்கு மாட்டிவிடுவது மூடிய ஹெட்போன். சத்தம் புகாத அறைக்குள்ளேயே அப்படி என்றால், சுற்றுச் சத்தத்தை நாங்கள் எவ்வளவு பெரிய எதிரியாக நினைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓபன் பேக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்க நானே அதைத்தான் வைத்திருக்கிறேன். அமைதியான ரூம் இருக்கிறவர்களுக்கு அதைப் போல் ஒன்று இல்லை. 1968-ல் சென்ஹைசர் முதன்முதலில் ஹெச்டி 414 என்று மஞ்சள் ஸ்பாஞ்சு வைத்த ஓபன் பேக்கைக் கொண்டு வந்ததிலிருந்து, வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் அதை விடவில்லை. கப்புக்குள் மோதித் திரும்பும் சத்தம் குறைவு என்பதால், மண்டைக்குள் ஒலிக்கிற உணர்வு போய், கொஞ்சம் தள்ளி இருந்து வருகிற மாதிரி இருக்கும். கேமுக்கு இது பெரிய உதவி. ஒரு சத்தம் இடமா வலமா என்பதை, அது இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை பெரும்பாலும் கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முன்னா பின்னா என்பதற்குக் காது மடலின் மடிப்புகள் உதவுகின்றன. காதை அமுக்காமல் முழுதாகச் சுற்றி உட்காரும் பெரிய கப் என்றால் மடல் தன் வேலையைப் பார்க்கும். சுற்றிலும் பல ஸ்பீக்கர் இருக்கிற மாதிரி கேட்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் 7.1 சரவுண்டுக்கு மயங்க வேண்டாம். உங்களுக்குக் காது இரண்டு. பெரும்பாலும் அதை உருவாக்குவது சாஃப்ட்வேர், அதையே நல்ல ஸ்டீரியோ ஹெட்போனுக்கு கேமோ கம்ப்யூட்டரோ கொடுத்துவிடும்.

இன்னொரு நன்மையை யாரும் சொல்வதில்லை. மூடிய ஹெட்செட்டில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது. அதனால்தான் பையன்கள் நண்பர்களோடு பேசும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார்கள். ஓபன் பேக்கில் தன் குரல் கேட்பதால் சாதாரணமாகப் பேசுவார்கள். வீட்டில் பெரியவர்களும் தூங்கலாம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஹெட்போனை அல்ல, ரூமை. நீங்கள் வழக்கமாக ஆடுகிற நேரத்தில், ஃபேனை எப்போதும் ஓடும் வேகத்தில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். என்ன கேட்கிறது? தறியா, மெயின் ரோட்டு லாரியா, பக்கத்து வீட்டு டிவியா? பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் அந்த ரூமுக்கு ஓபன் பேக் வேண்டாம். மூடியதை வாங்குங்கள். வியர்வைக்குத் துணிப் பட்டை இருக்கிறது, மணிக்கு ஒருமுறை கழற்றி வைக்கும் பழக்கம் இருக்கிறது. வெளிச் சத்தத்தை அடக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' வசதி இருந்தால், அது ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக உறுமும் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். தறியின் 'டக் டக்'கை அந்த அளவுக்குக் குறைக்காது. அட்டையில் 'நாய்ஸ் கேன்சலிங் மைக்' என்று போட்டிருந்தால் அது உங்கள் காதுக்கு அல்ல, எதிர்முனையில் கேட்பவருக்கு. இதில் ஏமாந்து வாங்கியவர்கள் ஏராளம்.

ரூம் அமைதியானதா? அப்படியானால் ஓபன் பேக் வாங்குங்கள். ஓம், அதாவது ஹெட்போனின் மின்தடை, அதிகமாக இருந்தால் தரம் அதிகம் என்று நினைக்காதீர்கள். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம். போனில் சொருகினால் சத்தம் போதாது, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வேண்டும். சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் 120 ஓம், பிலிப்ஸ் எஸ்ஹெச்பி 9500 வெறும் 32 ஓம், பெரும்பாலும் எதில் சொருகினாலும் ஓடும். டிடி 990-ல் மேல் ஸ்தாயி கொஞ்சம் கூர்மை. ஏற்கனவே காதில் இரைச்சல் இருப்பவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. ஆம்ப் வாங்கினால் அதில் சத்தத்தை ஒரேயடியாகக் கூட்டும் ஹை கெயின் சுவிட்சைத் தொடாமல் இருந்தால் எனக்கு வேலை குறையும். எடை 250 கிராம் பக்கம் இருந்தால் கழுத்துக்கு நல்லது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு அரை மணி நேரம் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மைக் பெரும்பாலும் கூட வராது, தனியாக வாங்க வேண்டும். ஜமாப் மேளம் நெஞ்சில் இடிக்கிற மாதிரி பேஸ் எதிர்பார்ப்பவர்களுக்கு ஓபன் பேக் ஏமாற்றம்தான். அந்தக் குறையைச் சத்தத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அது கூடாது, காது போகும்.

அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'வெளியே கேட்டால் சத்தம் அதிகம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். மூடிய ஹெட்போனுக்கு அது சரி. ஓபன் பேக்கில் அளவாக வைத்தாலும் வெளியே கேட்கும், அதற்காகப் பையனைத் திட்ட வேண்டாம். வேறொரு சோதனை சொல்கிறேன். அவன் ஹெட்போன் போட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது, கதவருகே நின்று சாதாரணக் குரலில், "கண்ணு, சாப்பிட வா" என்று கூப்பிடுங்கள். அமைதியான ரூமில் ஓபன் பேக் போட்டிருப்பவனுக்கு அது கேட்டாக வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் சத்தம் அதிகம். காது கேட்டும் வராமல் இருப்பது வேறு வியாதி, அதற்கு என்னிடம் மெஷின் இல்லை.

ஆடுகிறவர்களுக்கும் ஒன்று. காலடிச் சத்தம் மெல்லியது, துப்பாக்கிச் சத்தம் பெரியது. காலடிக்காகக் கூட்டி வைக்கிறீர்கள், அடுத்த விநாடி துப்பாக்கி காதில் வெடிக்கிறது. கேமின் செட்டிங்கில் நைட் மோட் மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று ஒன்று இருக்கும், அதுவும் இதே வேலையைச் செய்யும். பெரியதும் சிறியதும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். கேமின் பின்னணி இசையைக் குறையுங்கள். சத்த அளவை ஆட்டத்துக்கு முன்பே, ரூம் அமைதியாக இருக்கும்போது வைத்துவிட்டு, அப்புறம் கூட்டாதீர்கள். ஆட்டச் சூட்டில் கூட்டிய யாரும் திரும்பக் குறைத்ததில்லை.

கழற்றிய பிறகு காது மந்தமாக இருந்தாலோ, 'கொய்ங்' என்று கேட்டாலோ, அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். காலையில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தம்பிக்கும் ஆறு மாதம் காலையில் சரியாகிக்கொண்டுதான் இருந்தது. திடீரென்று ஒரு பக்கக் காது மட்டும் கேட்காமல் போனால் அது அவசரம். பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் படுத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவதற்கும் மூன்று வாரம் கழித்துத் தொடங்குவதற்கும் வித்தியாசம் பெரிது.

சாதாரணப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஹெட்போனையும் அது சொருகும் சாதனத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். முந்தைய ராத்திரி விடிய விடிய ஆடிவிட்டுக் காலை பத்து மணிக்கு வந்து நிற்காதீர்கள். குறைந்தது 14 மணி நேரம் பெரிய சத்தம் எதுவும் கேட்காமல் வந்தால்தான் எனக்குக் கிடைக்கும் கோடு உண்மையான கோடு. அந்தத் தம்பிக்கு அடுத்த வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறேன். ரூமை வீட்டின் பின்பக்கம் மாற்றியிருப்பதாகப் போனில் சொன்னார். ஹெட்போன் அதேதான். அம்மாவும் வருகிறாராம், ஓட்டையை எங்கே அடைப்பது என்று கேட்க.