ஸ்குவாட்ரன்: படைப்பிரிவா, அணியா?

ஆஸ்ப்ரே என்ற அமெரிக்க ராணுவ விமானத்தின் ஸ்குவாட்ரன் பற்றி ஒரு செய்தி வந்தால் தமிழில் அது பெரும்பாலும் "விமானப் படைப்பிரிவு" ஆகிவிடும், சில நேரம் "போர் விமானக் குழு" என்றுகூட வரும். ஆஸ்ப்ரே போர் விமானமே இல்லை, ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்குகிற வாகனம். அது போகட்டும், ஸ்குவாட்ரன் என்பதற்கு "படைப்பிரிவு" போதுமா? பத்துப் பேர் இருந்தாலும் படைப்பிரிவு, பத்தாயிரம் பேர் இருந்தாலும் படைப்பிரிவு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். எதற்கும் பொருந்துகிற சொல்லால் ஒன்றையும் குறிப்பாகச் சொல்ல முடியாது.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இத்தாலியத்தில் ஸ்க்வாட்ரா என்பதற்குச் சதுரம், சதுரமாக நிற்கும் ஆட்கள் என்று பொருள். அதைப் பெரிதாக்கிச் சொன்னால் ஸ்க்வாட்ரோனே. வேர் லத்தீனில் நான்கைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது சதுரமாக அணிவகுத்த வீரர்களைக் குறித்தது, பிறகு குதிரைப்படையின் ஒரு பகுதியை, அப்புறம் சேர்ந்து போகும் போர்க்கப்பல்களை. 1912இல் பிரிட்டன் தன் பறக்கும் படையை அமைத்தபோது விமானங்களுக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டது. இன்றும் டாங்கிப் படையில் ஸ்குவாட்ரன் உண்டு, கப்பற்படையில் உண்டு, வான்படையில் உண்டு. மூன்றும் மூன்று அளவு.

வான்படையில் அது எத்தனை விமானம் என்று கேட்டால் நாட்டுக்கு நாடு, விமானத்துக்கு விமானம் மாறும். ஏறத்தாழ ஒரு டஜனிலிருந்து இரண்டு டஜன் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் பொருள் நழுவிவிடும். ஸ்குவாட்ரன் என்பது விமானங்களின் கூட்டம் அல்ல. விமானிகள், பழுதுபார்ப்பவர்கள், உதிரிபாகக் கிடங்கு, ஒரு எண், ஒரு சின்னம், ஒரு தளபதி எல்லாம் சேர்ந்த நிலையான அமைப்பு அது. விமானம் மாறும், ஸ்குவாட்ரன் மாறாது.

இதற்கு 161 என்ற எண்ணுள்ள ஸ்குவாட்ரனை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையின் முதல் போக்குவரத்து ஹெலிகாப்டர் ஸ்குவாட்ரன் அது. 1951 ஜனவரி 15 அன்று கலிபோர்னியாவின் எல் டோரோ தளத்தில் தொடங்கினார்கள். பின்னணியில் இருந்தது அணுகுண்டு: 1946இல் பிகினி தீவில் நடந்த சோதனையைப் பார்த்த ஜெனரல் ராய் கைகர், இனி கப்பல்களைக் கரையோரம் நெருக்கமாக நிறுத்தி வீரர்களை இறக்கினால் ஒரே குண்டில் எல்லாம் போய்விடும், வேறு வழி தேடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். தேடியதில் கிடைத்த வழிதான் ஹெலிகாப்டர். 1947 டிசம்பரில் குவாண்டிகோ தளத்தில் ஒரு சோதனை ஸ்குவாட்ரன் அமைத்துப் பழகினார்கள், மூன்று வருடத்துக்குள் கொரியப் போர்.

கொரியாவில் 161இன் கையில் இருந்தவை சிகோர்ஸ்கி எச்ஆர்எஸ்-1 ஹெலிகாப்டர்கள். மலைக்காற்றில், முழுச் சுமையோடு, ஒன்றில் ஐந்தாறு வீரர்கள் ஏறினாலே அதிகம். அதை வைத்துக்கொண்டே 1951 செப்டம்பர் 13 அன்று ஏறத்தாழ எட்டரை டன் சாமானை முன்னணிக்குக் கொண்டுபோய், திரும்பும் வழியில் காயம்பட்ட 74 பேரைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் கழித்து, 21ஆம் தேதி, குன்று 884இன் மேல் 224 மரைன்களை இறக்கினார்கள். நடந்து ஏறியிருந்தால் நாள் முழுக்க ஆகியிருக்கும், எதிரியின் கண்ணிலும் பட்டிருப்பார்கள்.

அப்போது அதன் பெயர் எச்எம்ஆர்-161. ஹெலிகாப்டரின் எச், மரைனின் எம், போக்குவரத்தைக் குறிக்க ஆர். 1962இல் நடுத்தர வகை என்பதைக் காட்டும் இன்னொரு எம் சேர்ந்து எச்எம்எம்-161 ஆனது. 1965இல் யூஎச்-34களோடு வியட்நாம் போனது, 1968இல் சிஎச்-46 என்ற இரட்டைச் சுழலி ஹெலிகாப்டர்களோடு மறுபடியும் போனது. அந்த சிஎச்-46 நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது, ஓட்டியவர்களைவிட வயதில் மூத்த ஹெலிகாப்டர்கள் ஈராக் வரை பறந்தன.

2009இல் ஆஸ்ப்ரேக்கு மாறியபோதுதான் பெயரில் வேடிக்கை. எச் போய் வி வந்தது: விஎம்எம்-161. அமெரிக்கக் கப்பற்படை 1920லேயே வாயு நிரப்பிப் பறப்பவற்றுக்கு இசட், காற்றைவிடக் கனமானவற்றுக்கு வி என்று எழுத்து ஒதுக்கியிருந்தது. ஹெலிகாப்டருக்குப் பிறகு தனியாக எச் கொடுத்தார்கள். ஆஸ்ப்ரே இறக்கை விமானமாகவும் பறப்பதால் வி பக்கம் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்ப்ரேயின் வகைப்பெயரான "டில்ட்ரோட்டர்" என்பதற்கு அந்தச் சுருக்கத்தில் ஓர் எழுத்தும் கிடையாது. இப்படி மாறிய முதல் ஸ்குவாட்ரன் 161 அல்ல, 263. அது 2006இலேயே மாறி, 2007இல் ஈராக்கின் அல் அசாத் தளத்துக்குப் போனது.

சரி, டில்ட்ரோட்டருக்குத் தமிழ்? இறக்கை நுனிகளில் இரண்டு பெரிய சுழலிகள். மேலே பார்த்து நின்றால் ஹெலிகாப்டர்போல எழும்பும், முன்னால் சாய்ந்தால் விமானம்போல ஓடும். சிஎச்-46 மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் திணறும் இடத்தில் இது 450ஐச் சாதாரணமாகத் தாண்டும். சுழலியின் விட்டம் 11 மீட்டருக்கு மேல் என்பதால் முன்னால் சாய்த்தபடி தரையிறங்க முடியாது, இடித்துவிடும். ஒரு எஞ்சின் நின்றாலும் இறக்கைக்குள் ஓடும் தண்டு வழியாக மற்றது இரண்டையும் சுழற்றும். குறையில்லாத இயந்திரம் என்று சொல்லவரவில்லை: 2000 ஏப்ரலில் அரிசோனாவில் வேகமாகக் கீழிறங்கும்போது கவிழ்ந்து 19 மரைன்கள் இறந்தார்கள், 2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா அருகே அமெரிக்க வான்படையின் ஆஸ்ப்ரே கடலில் விழுந்து எட்டுப் பேர்.

சுழலி சாய்கிறது, ஆகவே சாய்சுழலி. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று வேண்டாம். ஹெலிகாப்டருக்கு ஈழத்தில் உலங்கு வானூர்தி வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டில் ஹெலிகாப்டர்தான். பழைய தமிழில் உலங்கு என்றால் கொசு என்பது தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சொல் இன்னும் பிடித்துப்போனது. ஆஸ்ப்ரே என்பதும் ஒரு பறவைதான், தமிழில் விரால் அடிப்பான். ஆனால் இயந்திரத்தின் பெயரை மொழிபெயர்க்கப் போகாதீர்கள், விரால் அடிப்பான் ஈராக்கில் இறங்கியது என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார்.

ஸ்குவாட்ரனுக்கு வருவோம். படையணி என்று எழுதலாம், ஆனால் ஈழத் தமிழில் படையணி என்றால் தரைப்படையின் பெரிய அமைப்புதான் நினைவுக்கு வரும். சேனையை அளக்கப் பழைய நூல்களில் பத்தி, குல்மம், கணம், வாகினி என்று வரிசையே இருக்கிறது. குல்மத்துக்கு ஒன்பது தேர், ஒன்பது யானை. அளவில் அது அருகில் வரும், இன்று யாருக்கும் புரியாது. என் ஓட்டு "வானணி"க்கு. அணி என்பதிலேயே வரிசையாய் நிற்பது என்ற பொருள் இருக்கிறது, சதுரமாய் நின்ற இத்தாலிய வீரர்களுக்கும் அது பொருந்தும். குதிரை என்றால் குதிரை அணி, கப்பல் என்றால் கப்பல் அணி. 161ஐ "மரைன் படையின் 161ஆம் சாய்சுழலி வானணி" என்று எழுதிவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்குவாட்ரன் லீடர் என்பது ஒரு பதவிநிலை. இந்திய விமானப்படையில் ஸ்குவாட்ரனுக்குப் பொதுவாகத் தலைமை தாங்குபவர் அவர் இல்லை, அவருக்கு மேல்நிலையில் உள்ள விங் கமாண்டரோ குரூப் கேப்டனோதான். அதனால் அந்தப் பதவியை அப்படியே ஸ்குவாட்ரன் லீடர் என்று விட்டுவிடுங்கள். "அணித்தலைவர்" என்று எழுதினால் பொருளும் தப்பு, படிப்பவரும் கிரிக்கெட் செய்தி என்று நினைத்துக்கொள்வார்.