நோயறைக் காற்று எந்தப் பக்கம் போகிறது?

தொற்றுநோய் பரவுகிறது என்ற செய்தி வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, கடையில் அகப்பட்டதை எல்லாம் வாங்கிக் குவிப்பது. அதில் பாதி அந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கும். காலராவுக்கு முகக்கவசம் உதவாது. தட்டம்மைக்குத் தரையை எத்தனை முறை துடைத்தாலும் போதாது. கிருமி மூச்சு வழியாகப் போகிறதா, வாய் வழியாகப் போகிறதா என்று தெரிந்த பிறகுதான் பட்டியலே எழுத வேண்டும்.

முதலில் மூச்சு வழி. தட்டம்மை நோயாளி அறையை விட்டுப் போன பின்னும் 2 மணி நேரம் வரை வைரஸ் அந்தக் காற்றில் இருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து நோய் பரவும். ஃப்ளூவும் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். காய்ச்சல் கண்ட பிறகு எந்த அறையை ஒதுக்கலாம் என்று யோசிப்பது தாமதம். வெளிப்பக்கம் ஜன்னல் உள்ள, கதவு சரியாக மூடக்கூடிய, முடிந்தால் கழிவறையோடு ஒட்டிய அறை ஒன்றை இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்த அறையின் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே போக வேண்டும். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அல்லது வெளிப்பக்கம் பார்த்து ஊதும்படி வைத்த சாதாரண மேசை விசிறி இதைச் செய்யும். விசிறியைச் சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்து ஒட்டுங்கள். அடைக்காவிட்டால் வெளியே தள்ளிய காற்று பக்கத்து இடுக்கு வழியாகவே திரும்பி வரும். பிறகு கதவை மூடி, கதவின் அடி இடுக்கில் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அது அறைக்குள் சாய்ந்தால் சரி. உங்கள் பக்கம் சாய்ந்தால் நோயறைக் காற்று கூடத்துக்கு வருகிறது என்று பொருள். வெளியே எதிர்க்காற்று பலமாக வீசும் நாளில் இப்படி ஆகும். அன்று வேறு ஜன்னலை முயல வேண்டும். வீட்டின் மற்ற ஜன்னல்கள் திறந்திருந்தால்தான் அறைக்குள் இழுக்கப்படும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று கிடைக்கும். ஸ்பிளிட் ஏசி இந்த வேலைக்கு ஆகாது. அது அறைக் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது, வெளியேற்றுவதில்லை.

எவ்வளவு காற்று வேண்டும்? 3 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 31.5 கனமீட்டர். மணிக்கு 6 முறை காற்று மாற வேண்டுமானால் மணிக்கு சுமார் 190 கனமீட்டர் தள்ளும் விசிறி தேவை. அந்த எண் பெரும்பாலும் விசிறிப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுறை காற்று மாறினால் எல்லாக் கிருமியும் போய்விடும் என்பது தவறான கணக்கு. புதுக் காற்று பழைய காற்றோடு கலந்துகொண்டே வருவதால் ஒரு மாற்றத்தில் 63 விழுக்காடுதான் நீங்கும். மணிக்கு 6 மாற்றம் என்றால் 99 விழுக்காடு நீங்க 46 நிமிடம் ஆகும். மணிக்கு 2 மாற்றம் மட்டுமே என்றால் 138 நிமிடம். நோயாளி வெளியேறிய அறையைச் சுத்தம் செய்ய எப்போது நுழையலாம் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

உள்ளே போய் வரும் ஆள் ஒருவராகவே இருக்கட்டும். தடுப்பூசி போட்டவராகவோ அந்த நோய் ஏற்கெனவே வந்துபோனவராகவோ இருந்தால் நல்லது. அவருக்கு என்-95 கவசம் வேண்டும். அதன் இழைகளில் மின்னூட்டம் இருக்கிறது. வடிகட்டும் திறனில் பெரும்பங்கு அதனுடையது. சோப்பால் துவைத்தாலோ ஆல்கஹால் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் போய்விடும், கவசம் பார்க்க மட்டும் புதிதாக இருக்கும். தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகும். வால்வு வைத்த கவசம் வெளிவிடும் மூச்சை வடிகட்டாது, ஆகவே அதை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. கழற்றிய கவசத்தை மறுபடி அணிவதாக இருந்தால் காகித உறையில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும்.

வாய் வழி பரவும் நோய்களுக்குத் தேவையான சாமான்கள் மலிவானவை. ஆனால் அளவு தவறினால் ஆபத்து. குடல் செல்லின் சுவரில் ஒரு புரதம் உண்டு. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே எடுக்கும். அவற்றின் பின்னால் தண்ணீரும் வரும். காலராவின் நஞ்சு இந்த வழியைக் கெடுப்பதில்லை. ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது இதனால்தான். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லை அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே காலரா இறப்பை வெகுவாகக் குறைத்தார்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: 1 லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைப்பது. 200 மில்லியில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகிவிடும். குழந்தைக்கு அது உயிராபத்து. எத்தனை மில்லிக்கான பொட்டலம் என்று படித்துவிட்டே பிரிக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மோசமாகும். இதில் பொட்டாசியம் கிடையாது என்பதால் பொட்டலம் வரும்வரைதான் இது. ஒவ்வொரு போக்குக்கும் பின் 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகத் தொடருங்கள். கலந்த கரைசல் 24 மணி நேரத்துக்குப் பின் கீழேதான் போக வேண்டும்.

கிருமிநாசினிக்கு வீட்டுப் பிளீச்சே போதும். சீட்டில் 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால், 20 மில்லியோடு 980 மில்லி தண்ணீர் சேர்க்க 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும்; தரை, கைப்பிடி, கழிவறைக்கு இது சரி. இரத்தமோ வாந்தியோ சிந்திய இடத்துக்கு 0.5 விழுக்காடு வேண்டும்: ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். முதலில் சோப்பு நீரால் துடைத்து, பிறகு பிளீச் பூசி 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். கரைசல் நாளாக நாளாக வலுவிழக்கும். அன்றன்றைக்குக் கலப்பதே முறை. அமிலம் உள்ள கழிவறைத் திரவத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அதுவே ஆளை மூச்சுத்திணறச் செய்யப் போதும்.

கைக்கு சானிடைசர் என்றால் ஆல்கஹால் 60 முதல் 80 விழுக்காடு. முழு ஆல்கஹால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பது தவறு; கிருமியின் புரதத்தைக் குலைக்க கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வரும் நோரோவைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் சானிடைசர் அதை அவ்வளவாகத் தொடாது. அங்கே சோப்பும் ஓடும் நீரும்தான்.

மருந்துப் பெட்டி சிறியதாக இருக்கலாம். வெப்பமானி, பல்ஸ் ஆக்சிமீட்டர், பாராசிட்டமால், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் ஒரு மாதத்துக்கு. பாராசிட்டமால் பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. பல சளி மாத்திரைகளில் அது ஏற்கெனவே இருப்பதால் தெரியாமலே இரட்டிப்பு அளவு உள்ளே போய்க் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துவைக்க வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

உணவு, தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதில் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு போதும்.

ஆக்சிமீட்டர் வைக்கும் விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்த பிறகு படியுங்கள். கறுத்த தோலில் கருவி சற்றுக் கூட்டியே காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருக்கிறது என்று மூச்சுத்திணறலைப் புறக்கணிக்கக் கூடாது. 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரை அழையுங்கள், 90-க்குக் கீழே என்றால் நேரே மருத்துவமனை. பேச்சு குழறுவது, எழுப்பினாலும் எழாதிருப்பது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவற்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. உடனே கிளம்ப வேண்டும்.