தடத்தை மறித்துவிட்டார்களா? மனுவோடு நின்றுவிடாதீர்கள்

வழக்கறிஞராக நான் பார்க்கும் தோட்டத்து வழக்குகளில் பெரும்பாலானவை வண்டித்தடத்தையும் வாய்க்காலையும் பற்றியவை. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்திருக்கும். அல்லது பக்கத்துக் காடு புதியவர் கைக்கு மாறியிருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் தடம் உழுது கிடக்கும்.

உடனே பஞ்சாயத்து, காவல் நிலையம், தாலுகா அலுவலகம், ஆட்சியரின் குறைதீர் கூட்டம் என்று அலைகிறார்கள். "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதில் வருவதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிடுகிறது. அந்தத் தாமதம்தான் வழக்கையே தோற்கடிக்கிறது.

பத்திரத்தில் எழுதாத தடமானாலும், 20 ஆண்டுகள் அமைதியாக, வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் வழியே போகவும் நீர் கொண்டுபோகவும் உள்ள உரிமை போன்றவற்றைச் சொல்லும் சட்டம்) 15ஆவது பிரிவு அதைக் காக்கிறது. அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். ஆனால் அந்தப் பயன்பாட்டுக் காலம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். மறித்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் பொறுத்துப் போனால் அதுவே அந்தப் பயன்பாட்டில் விழுந்த தடங்கலாகக் கொள்ளப்படும். மனுக்கள் நீங்கள் எதிர்த்ததற்குச் சாட்சியாகலாம். இரண்டு ஆண்டுக் கெடுவை அவை நிறுத்தாது.

ஆகவே முதல் வாரத்திலேயே புகைப்படம் எடுங்கள். இடைக்காலத் தடை கேட்கும்போதே, நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் மனுப் போடுங்கள். டயர் பதிந்த சுவடும் வாய்க்கால் கரையும் ஒரு மழைக்குப் பிறகு இருக்காது.

பத்திரத்தில் பாத்தியம் எழுதியிருந்தால் இந்த 20 ஆண்டுக் கணக்கே வேண்டாம். பாகப்பிரிவினையின்போது "மாமூல் தடம்", அதாவது வழக்கமான தடம், என்று மட்டும் எழுதி முடிப்பது பெரிய ஆபத்து. எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம் என்பதை எழுதி, வரைபடமும் இணைக்கச் சொல்லுங்கள். பொதுக்கிணற்றில் உங்கள் பங்கு எவ்வளவு, முறை எந்த நாள், குழாய் எந்த வழியாகப் போகும் என்பதும் அதில் வரட்டும். கிணற்றில் பங்கு என்பது கூட்டு உடைமை. இறைக்காமல் சில காலம் விட்டதாலேயே அது போய்விடாது.

இன்னொன்றும் உண்டு. சமரசக் கடிதங்களில் "இவர் அனுமதியின்பேரில் நடந்துகொள்கிறேன்" என்று ஒரு வரி நுழைந்துவிடும். அனுமதி பெற்று நடந்த காலம் எத்தனை ஆண்டானாலும் 15ஆவது பிரிவின்படி உரிமையாகாது. அந்த வரி இருக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.