36 பேரில் ஒருவர்

2018இல் அமெரிக்காவில் தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை ஒன்றில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 36 பேர். அவர்களில் 35 பேரின் உடலில் விஞ்ஞானிகள் எதிர்பார்த்த பி செல்கள் (கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்யும் வெள்ளையணுக்கள்) பெருகின. எஞ்சிய ஒருவருக்கு ஏன் பெருகவில்லை என்பதற்கான விடை அவருடைய 14ஆம் குரோமோசோமில் கிடைத்தது.

அந்தப் புரதமான எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உருவாக்க ஒவ்வொரு பி செல்லும் வி, டி, ஜே எனும் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டுகிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. சேர்க்கைகள் கோடிக்கணக்கானவை, ஆகவே எந்தக் கிருமியையும் எல்லோர் உடலும் ஒரே மாதிரி சமாளிக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் துண்டுகள் பெற்றோர் தந்தவை. சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைத்தாலும் கட்டில் இல்லாத சீட்டு கைக்கு வராது.

அந்த ஊசி தூண்ட நினைத்த எதிர்ப்பொருளுக்கு 'வி1-2' என்ற துண்டு வேண்டும். அதன் 50ஆம் இடத்தில் டிரிப்டோஃபேன் என்ற அகன்ற அமினோ அமிலம் இருந்தால்தான் வைரஸ் நம் செல்லைப் பற்றும் இடத்தில் அது சரியாகப் பொருந்தும். சிலருக்கு அங்கே ஆர்ஜினின் இருக்கிறது. அந்த ஒருவரிடம் தேவையான வடிவம் ஒரு பிரதிகூட இல்லை. ஓர் எழுத்து மாற்றம் ஒரு தடுப்பூசியையே செல்லாக்காசாக்கிவிடுகிறது!

ஃப்ளூவிலும் இதே கதை. 'வி1-69' துண்டின் 54ஆம் இடத்தில் ஃபினைலாலனின் உள்ளவர்களுக்கு, பலவகை ஃப்ளூ வைரஸ்களை ஒருசேர முறியடிக்கும் எதிர்ப்பொருள்கள் எளிதில் உருவாகின்றன. லூசின் உள்ளவர்களுக்கு அது கடினம். எந்த வடிவம் எத்தனை பேரிடம் என்பது இனக்குழுவுக்கு இனக்குழு மாறுகிறது.

இந்த வேறுபாடுகள் சிலவற்றில் பரிணாமத்தின் கை தெரிகிறது. எதிர்ப்பொருளின் அடிப்பகுதிக்கான மரபணுக்களில் அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து வந்த ஒரு வடிவம், சீனாவின் யுன்னான் மாகாணத்து டாய் மக்களிடையே மிகப் பரவலாக இருக்கிறது. வெறும் தற்செயலால் அது அவ்வளவு பெருகியிருக்க முடியாது. எதிர்ப்பொருள் உற்பத்திக்குக் கடிவாளமிடும் ஓர் ஏற்பியின் (செல்லின் மேலுள்ள புரதம்) ஒரு வடிவமோ, நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கு வழிவிடுகிறது, ஆனால் மலேரியாவிலிருந்து காக்கிறது. மலேரியா மலிந்த ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது அதிகம்.

இவ்வளவு முக்கியமான பகுதியை ஏன் இத்தனை தாமதமாகப் படித்தார்கள்? ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் துண்டுகள், டி.என்.ஏ.வைச் சிறுசிறு நறுக்குகளாக வாசிக்கும் கருவிகளைக் குழப்பிவிட்டன. இன்னொரு காரணம் வேடிக்கையானது. பெரிய மரபணுத் திட்டங்கள் பலவற்றில் டி.என்.ஏ. எடுக்கப்பட்டது, ஆய்வகத்தில் வளர்த்த பி செல்களிலிருந்து. எந்தப் பகுதியைத் தேடுகிறோமோ, அதைத்தான் அந்தச் செல்கள் ஏற்கெனவே வெட்டி ஒட்டியிருந்தன.