மதகுக்கட்டையில் நாலு பேர்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், சாயங்காலமானால் வாய்க்கால் மதகுக்கட்டையில் ஒரு செட்டு உட்கார்ந்திருக்கும். பத்தாவதோடு நின்றவன், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு மேட்டூரில் தண்ணீர் விட்டதும் ஊர் திரும்பியவன், அறுப்பு மெஷினோடு ஊர் ஊராகப் போகிறவன். பத்தொன்பது, இருபது வயசுதான். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ‘அங்கே’, அதாவது பெண்களிடம் போய்வந்த கதையில் வந்து நிற்கும், போகாதவனைப் பார்த்து “நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா” என்று ஒரு சிரிப்பு.

சேர்க்கை சரியில்லை என்று பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. அப்புறம் எப்படி நடக்கிறது?

அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக ஆடும்போது வயதுக்கு வயது பெரிய வித்தியாசமில்லை. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது 13-16 வயதுக்காரர்கள் தாறுமாறாக ஓட்டினார்கள், 18-22 வயதுக்காரர்களும் கொஞ்சம் கூடுதலாகத்தான், 24 தாண்டியவர்கள் மட்டும் எப்போதும்போல. 2011இல் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, நண்பன் வேறு அறையிலிருந்து பார்க்கிறான் என்று தெரிந்தாலே போதும், மூளைக்குள் ‘கிடைத்தால் நன்றாக இருக்கும்’ என்று சுண்டி இழுக்கிற பகுதி இளசுகளுக்குக் கூடுதலாக வேலை செய்தது. ‘வேண்டாம், நில்லு’ என்று பிடித்து நிறுத்தும் முன்மூளை முழுசாகப் பக்குவப்பட 25 வயதுவரை ஆகிவிடும். ஆக, ஒருத்தனும் வாயைத் திறக்க வேண்டியதில்லை, பார்க்கிற கண் இருந்தால் போதும்.

இன்னொன்று, அந்தக் கதைகளில் பாதி புளுகு. நாலு பேரும் தான் மட்டும்தான் பின்தங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதை விடுகிறார்கள், அதைக் கேட்ட மற்ற மூன்று பேருக்கும் அதே பயம்.

சரி, போகிறவன் பாதுகாப்பாகவாவது போகலாமே? மெடிக்கல் கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். ஆணுறை கேட்கப் போனவன், ஆள் போகட்டும் என்று காத்து நின்றுவிட்டு இரண்டு ஹால்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான்.

நோயும் இந்தப் பேச்சுக்கு ஒத்து ஊதுகிறது, அதுதான் கொடுமை. மேகப்புண் என்கிற சிபிலிஸில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே இல்லாமல் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் ஆறிவிடும். “எனக்கும் வந்துச்சுடா, தானா போயிடுச்சு” என்று கூட்டாளி சொல்வது பொய்யில்லை. லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்கும் வைத்தியரும் அதே ஆறு வாரத்தில் பேர் வாங்கிவிடுவார். கிருமி மட்டும் உடம்பிலேயே தங்கி, பின்னால் மனைவிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஆரம்பத்திலேயே பார்த்தால் பென்சிலின் ஊசியில் முடிகிற விஷயம் இது.

பெண்களிடம் நெருக்குதல் வேறு மாதிரி, “என்னை நம்பலையா?” என்று வரும். கிளமிடியா என்கிற பால்வினை நோய் தொற்றினால் பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரியாது, தெரியாமலே கருக்குழாய் கெட்டுவிடலாம்.

கல்லூரியில் படிக்கிறவனுக்கு இதையெல்லாம் சொல்ல செஞ்சுருள் சங்கம் இருக்கிறது. மதகுக்கட்டைக்கு யார் வருகிறார்கள்? அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, எச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம். ஆனால் மறுநாளே ஓடிப்போய் எடுக்கும் டெஸ்ட்டை நம்பி நிம்மதியாகிவிடக்கூடாது, ரத்தத்தில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். மறுநாள் ஓடுவதென்றால் டாக்டரிடம் ஓட வேண்டும்: 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

போன தை அறுப்பு முடிந்ததும் மெஷின்காரப் பையன் ஒருநாள் டெஸ்ட்டுக்குப் போனான். கூடப் போன கூட்டாளி டீக்கடையில் வண்டியோடு நின்றான். ஒரு வாரம் கழித்து மதகில் இன்னொருத்தன், யாரையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “எவ்வளவுடா ரத்தம் எடுப்பாங்க?”