ஏஐ எண் கொடுத்தது என்றால் தேடிப் பார்த்தது என்று அர்த்தமில்லை

நூலகப் பதிவுகளை எழுதும் மார்க் வடிவத்தில், நூலின் பொருளைச் சொல்லும் 650 புலத்தில் ஏஐ சொன்னபடி "வேர்ல்ட் வார் டூ" என்று போட்டு, அந்தப் புலத்தின் இரண்டாம் குறிகாட்டியில் (தலைப்பு எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று சொல்லும் இடம்) 0 வைத்த பதிவுகள் கத்தை கத்தையாக நூற்பட்டிக்குள் வந்து விழுகின்றன. 0 போட்டால், இது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்பு என்று நாமே உறுதி சொல்கிறோம். அந்தப் பட்டியலில் இருப்பதோ "வேர்ல்ட் வார், 1939-1945". ஒரே போரைப் பற்றிய நூல்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். ஒரு தலைப்பைச் சொடுக்கிய வாசகர் கண்ணில் மற்றது படவே படாது. கேட்டால், "ஏஐ கொடுத்ததுதானே" என்று பதில்!

எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் இது: தேடும் வசதி இல்லாத ஏஐ உரையாடல் மாதிரி (சாட் மாடல்), ஆசிரியர் பெயர்களுக்கும் பொருள் தலைப்புகளுக்கும் ஏற்கப்பட்ட வடிவங்களை வைத்திருக்கும் அதாரிட்டி கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. ஆசிரியரின் அதாரிட்டி எண் கேட்டால், அப்படிப்பட்ட எண்கள் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை எழுதும். அது வேறொருவரின் எண்ணாக இருக்கலாம், யாருடையதுமாக இல்லாமலும் போகலாம். "நிச்சயமா?" என்று திருப்பிக் கேட்பதும் சரிபார்ப்பு ஆகாது, அதற்கும் ஒரு பதிலை எழுதிவிடும், அவ்வளவுதான். தேடும் வசதி இணைத்த கருவி என்றாலும் பதிவை நீங்களே திறந்து, பிறந்த ஆண்டையும் ஒரு நூல் தலைப்பையுமாவது ஒப்பிடுங்கள்.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணின் கடைசி இலக்கம் (சரிபார்ப்பு இலக்கம்) கணக்கில் தேறிவிட்டது என்று நிம்மதி அடைபவர்கள் தனி ரகம். கண்ணை மூடிக்கொண்டு 13 இலக்கம் எழுதினாலும் பத்தில் ஒன்று தேறும். உண்மையான எண்ணே வந்தாலும் அது கெட்டி அட்டைப் பதிப்புக்கோ மின்னூலுக்கோ உரியதாக இருக்கலாம். கையில் இருக்கும் பிரதியைப் புரட்டிப் பாருங்கள்.

தலைப்புப் பக்கத்தில் அச்சுப்பிழை இருந்தால், ஆர்டிஏ என்ற நூற்பட்டி விதிப்படி, தலைப்புக்கான 245-இல் பிழையோடே எழுதி, திருத்திய வடிவத்தை மாற்றுத் தலைப்புக்கான 246-இல் தர வேண்டும். மாதிரி சத்தமில்லாமல் திருத்திவிடும். தலைப்பை மட்டும் கொடுத்து 520-க்குச் சுருக்கம் கேட்காதீர்கள். நூலில் இல்லாத அத்தியாயமெல்லாம் முளைக்கும். பொருளடக்கத்தையும் முன்னுரையையும் கொடுத்துக் கேளுங்கள். வெளியிடக் கட்டுப்பாடுள்ள ஆவணங்களைப் பொதுக் கருவியில் ஒட்டவே கூடாது.

மாதிரியிடம் கருத்துச் சொற்களை மட்டும் வாங்குங்கள். தலைப்பைப் பட்டியலில் தேடி எடுப்பது உங்கள் வேலை. பட்டியலில் அகப்படாத சொல்லுக்கு 0 வேண்டாம், எந்தப் பட்டியலையும் சேராத சொற்களுக்கான 653-இல் போடுங்கள். தொகுதியாக ஏற்றும் முன், ஏற்கெனவே கையால் பட்டியலிட்ட 50 நூல்களை அதனிடம் கொடுத்து, புலம் புலமாக ஒப்பிடுங்கள். எந்தப் புலத்தில் சறுக்குகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பழைய பதிவுகளை ஏற்றுமதி செய்து வைக்காமல் கை வைக்காதீர்கள்.

தயவுசெய்து, தகவலை இயந்திரம் எழுதியதா என்று காட்டும் 883 புலத்தையும் எழுதுங்கள். முதல் குறிகாட்டி 0 என்றால் முழுக்க இயந்திரம் எழுதியது, 1 என்றால் ஓரளவு. துணைப்புலம் 8 வழியாக உரிய புலத்தோடு இணைத்து, தேதியும் போடுங்கள். உங்கள் மென்பொருள் இறக்குமதியில் 883-ஐ உதறிவிடுகிறதா என்று சோதனைத் தளத்தில் ஒரே ஒரு பதிவை ஏற்றி முதலில் பார்த்துவிடுங்கள்.